பயம் எதை அளக்கிறது? பொது இடங்களும் பாதுகாப்பு உணர்வும்: ஓர் எளிய விளக்கம்

ஏதாவது ஒரு குற்றம் பெரிய செய்தியாகிவிட்டால் இரண்டு நாளைக்கு ஒரே வாக்குவாதம்தான். ஒரு தரப்பு புள்ளிவிவரத்தை எடுத்துப் போட்டு, "குற்றம் குறைந்துதான் இருக்கிறது, நீங்கள்தான் சும்மா பயப்படுகிறீர்கள்" என்கிறது. இன்னொரு தரப்பு, "இருட்டிவிட்டால் வெளியே கால் வைக்க முடியவில்லை, குறைந்துவிட்டது என்கிறீர்களே" என்று கொதிக்கிறது. இவ்வளவு சண்டை போட்டாலும் இருவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகிறார்கள். பயம் என்பது குற்ற எண்ணிக்கையைப் பற்றிச் சாதாரண மனிதர்கள் போடும் குத்துமதிப்பான கணக்கு என்று இருவருமே நினைக்கிறார்கள். முதல் தரப்புக்கு அது தப்புக் கணக்கு, இரண்டாம் தரப்புக்குச் சரியான கணக்கு, அவ்வளவுதான் வித்தியாசம்.

கோளாறே இந்த ஒப்புதலில்தான் இருக்கிறது. பயம் எண்ணிக்கையை அளப்பது மிகக் கொஞ்சம். அது வேறு எதையோ அளக்கிறது. அந்த 'வேறு எதையோ' என்ன என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

## வெப்பமானியும் புழுக்கமும்

வெப்பமானி 34 டிகிரி காட்டும்போது பக்கத்தில் இருப்பவர், "நாற்பதுக்கு மேல் இருக்கும்போல" என்று விசிறிக்கொண்டிருப்பார். அவர் பொய் சொல்லவில்லை, வெப்பமானியும் கெட்டுப்போகவில்லை. கருவி காற்றின் வெப்பத்தை அளக்கிறது. உடம்போ வியர்வை எவ்வளவு வேகமாகக் காய்கிறது என்று பார்க்கிறது. காற்றில் ஈரம் கூடினால் வியர்வை காயாது, புழுங்கும். வெப்பமானியைக் காட்டி அவரிடம் "உங்களுக்குப் புழுங்கவில்லை" என்று வாதாடுவது எவ்வளவு அபத்தமோ, அவருக்குப் புழுங்குகிறது என்பதை வைத்து வெப்பநிலை ஏறிவிட்டது என்று குறித்துக்கொள்வதும் அவ்வளவு அபத்தம்.

குற்றமும் பயமும் இப்படித்தான். காவல்துறைக் கணக்கு நடந்து முடிந்தவற்றை எண்ணுகிறது. ஓர் இருட்டுச் சுரங்கப்பாதையில் நடப்பவரின் மனம் எண்ணிக்கொண்டிருப்பதில்லை. அது சில கேள்விகளைக் கேட்கிறது. யாராவது வந்தால் எனக்கு முன்கூட்டியே தெரியுமா? தெரிந்தால் போய்விட வழி இருக்கிறதா? கத்தினால் யாருக்காவது கேட்குமா? கேட்டாலும் வருவார்களா? நடக்கக் கூடாதது நடந்துவிட்டால் அதற்கப்புறம் என் நிலைமை என்ன? போன வருடம் அந்தப் பாதையில் எத்தனை வழிப்பறி நடந்தது என்ற எண் இவற்றில் ஒன்றுக்குக்கூடப் பதில் தராது.

## ஒரே பெயரில் மூன்று சங்கதிகள்

இந்தத் துறையில் அடிக்கடி வரும் சொல் 'குற்ற அச்சம்'. குற்றத்துக்கு ஆளாகிவிடுவோமோ என்ற நினைப்பிலிருந்து எழும் பயத்தையோ கவலையையோ அது குறிக்கிறது. சொல் எளிமையாகத்தான் இருக்கிறது, ஆனால் ஆட்கள் அதை மூன்று வெவ்வேறு விஷயங்களுக்குப் பயன்படுத்துகிறார்கள். முதலாவது உணர்ச்சி: நெஞ்சு படபடப்பது, கை சில்லிட்டுப்போவது. இரண்டாவது, 'எனக்கு இது நடக்க எவ்வளவு வாய்ப்பு' என்று மனம் போடும் மதிப்பீடு. இதை 'உணரப்பட்ட ஆபத்து' என்கிறார்கள். மூன்றாவது நடத்தை: சுற்று வழியாகப் போவது, சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு நடப்பது, இரவு வேலையே வேண்டாம் என்று விடுவது. இந்த மூன்றும் சேர்ந்தே வரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆபத்து அதிகம் என்று தெரிந்தும் பயமில்லாமல் போகிற இளைஞர்கள் உண்டு. பயமே தெரியாத அளவுக்கு முன்னெச்சரிக்கை பழக்கமாகிப்போனவர்களும் உண்டு. 'நான் ஒன்றும் பயப்படவில்லை' என்பார்கள், ஆனால் பத்து வருடமாக அந்தப் பூங்கா வழியாகப் போயிருக்க மாட்டார்கள்.

இதை எப்படி அளக்கிறார்கள் என்பதிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. 1960களின் நடுவில் அமெரிக்காவில் ஜனாதிபதி அமைத்த குற்றவியல் ஆணையம், காவல்துறைப் பதிவுகளை மட்டும் நம்பாமல் மக்களிடமே போய் 'உங்களுக்கு என்ன நடந்தது' என்று கேட்டது. அந்த முறைக்குப் பாதிக்கப்பட்டோர் கணக்கெடுப்பு என்று பெயர். புகார் கொடுக்காத குற்றங்களும் அதில் தெரியவரும். கூடவே பயத்தைப் பற்றியும் கேட்கத் தொடங்கினார்கள். 1982இல் ஆரம்பித்த பிரிட்டன் குற்றக் கணக்கெடுப்பின் கேள்வி பிரபலமானது: இருட்டிய பிறகு இந்தப் பகுதியில் தனியாக நடப்பது உங்களுக்கு எவ்வளவு பாதுகாப்பாக இருக்கிறது?

இந்தக் கேள்வியை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். அதில் 'குற்றம்' என்ற சொல்லே இல்லை. தடுக்கி விழும் பயமும் நாய்ப் பயமும்கூட அந்தப் பதிலுக்குள் வந்துவிடும். இரவில் தனியாக நடக்கவே நடக்காதவர்களும் கற்பனை செய்து பதில் சொல்கிறார்கள். ஸ்டீபன் ஃபாரல் முதலான ஆய்வாளர்கள் கேள்வியை மாற்றி, 'கடந்த ஒரு வருடத்தில் நீங்கள் உண்மையிலேயே பயந்த தருணம் உண்டா, எத்தனை முறை' என்று கேட்டபோது, பயந்ததாகச் சொன்னவர்களின் பங்கு நன்றாகக் குறைந்துவிட்டது. மீதிப் பேர் பொய் சொன்னார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. பலர் பொதுவான ஒரு மனக்குறையை, 'காலம் கெட்டுக் கிடக்கிறது' என்பதை, பயத்தின் மொழியில் சொல்லியிருக்கிறார்கள். அதனால் 'பாதிப்பேர் பயத்தில் வாழ்கிறார்கள்' என்று ஒரு தலைப்புச் செய்தி வந்தால், நான் முதலில் தேடுவது என்ன கேள்வி கேட்டார்கள் என்பதைத்தான்.

இதுவரை வந்த இடம்: குற்றத்தின் எண்ணிக்கை ஒன்று, அதைப் பற்றிய மதிப்பீடு ஒன்று, பயம் ஒன்று, நடத்தை ஒன்று. நான்கையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் விவாதம் எங்கும் நகராது.

## எண்ணிக்கை இறங்கும், உணர்வு இறங்காது

அமெரிக்காவில் வன்முறைக் குற்ற விகிதம் 1993க்கும் 2022க்கும் இடையில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது என்கிறது அந்நாட்டு மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயின் கணக்கு. அதே காலத்தில் காலப் நிறுவனம் நடத்திய 27 கருத்துக்கணிப்புகளில் 23இல், 'போன வருடத்தைவிட நாட்டில் குற்றம் கூடிவிட்டது' என்று சொன்னவர்கள் 60 சதவீதமோ அதற்கு மேலோ. ஆனால் 'உங்கள் பகுதியில்?' என்று கேட்டால் அப்படிச் சொல்பவர்கள் குறைவு. சொந்தத் தெரு நடந்து பார்த்துத் தெரிந்தது; நாடு என்பது செய்தி வழியாகத் தெரிந்தது.

ஒரு சம்பவம் எவ்வளவு எளிதாக ஞாபகத்துக்கு வருகிறதோ அவ்வளவு அடிக்கடி அது நடக்கிறது என்று மனம் எடுத்துக்கொள்ளும். டுவெர்ஸ்கி, கானமன் என்ற உளவியலாளர்கள் 1973இல் விவரித்த சங்கதி இது. இதற்கு 'எளிதில் நினைவுக்கு வருவதை நம்புதல்' என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். கொலைச் செய்தி வரும், கொலை நடக்காத நாள் செய்தியாகாது. 1976இல் நியூயார்க்கில் முதியவர்களைக் குறிவைத்து ஒரு குற்ற அலை கிளம்பியிருப்பதாகச் சில வாரங்கள் செய்திகள் தொடர்ந்தன. மார்க் ஃபிஷ்மன் என்ற சமூகவியலாளர் பிறகு ஆராய்ந்தபோது, முதியவர்களுக்கு எதிராக மட்டும் தனியாக ஓர் அலை எழுந்ததற்குக் காவல்துறை எண்களில் ஆதாரம் இல்லை. தனித்தனியாக நடந்த சம்பவங்களை ஒரே தலைப்பின் கீழ் அடுக்க அடுக்க அலை உருவாகிவிட்டது.

ஆனால் எல்லாப் பழியையும் செய்திகளின் மேல் போட்டுவிட்டு எழுந்து போய்விட முடியாது. அப்படிப் போகிறவர்களைத் தடுத்து நிறுத்துவது அடுத்த விஷயம்.

## பெண்களின் பயம் பிழையா?

கணக்கெடுப்பு தொடங்கிய நாளிலிருந்து ஆய்வாளர்களைக் குடைந்த கேள்வி இது. தெருவில் தாக்கப்படுபவர்களில் இளம் ஆண்கள்தான் அதிகம். உலகத்தில் கொலையாகிறவர்களில் ஐந்தில் நான்கு பேர் ஆண்கள். பயத்தைக் கேட்டால் பெண்களும் முதியவர்களும் முன்னால் நிற்கிறார்கள். 'அச்ச முரண்' என்று இதற்குப் பெயர் வைத்து, பெண்களின் பயம் பகுத்தறிவுக்கு ஒத்துவராதது என்று சொன்ன காலமும் இருந்தது.

அப்படிச் சொன்னவர்கள் விட்டுவிட்டது நிறைய. முதலாவது, பல சம்பவங்கள் கணக்கிலேயே வருவதில்லை. பின்தொடர்வது, உரசுவது, வண்டியில் வந்து வேகத்தைக் குறைத்துக் கூடவே உருட்டிக்கொண்டு போவது, ஆபாசமாகப் பேசுவது, இதையெல்லாம் யார் புகார் கொடுக்கிறார்கள்? ஆனால் ஒவ்வொன்றும் 'இங்கே இதற்கு மேலும் நடக்கலாம்' என்று உடம்புக்குச் சொல்லிவிட்டுப் போகிறது. இரண்டாவது, எண்ணிக்கை குறைவாக இருப்பதற்கே முன்னெச்சரிக்கை ஒரு காரணமாக இருக்கலாம். இருட்டியதும் வெளியே போகாதவர் இருட்டில் தாக்கப்பட மாட்டார். அவர் தாக்கப்படவில்லை என்பதை வைத்து 'அவர் பயந்தது வீண்' என்று தீர்ப்பு எழுதுவது விசித்திரமான கணக்கு.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் முக்கியமாகத் தெரிவது. மார்க் வார் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1980களில், ஒரு குற்றத்தின் பயம் இன்னொரு குற்றத்தின் பயத்தையும் தூக்கிக்கொண்டு வருகிறது என்று காட்டினார். வீட்டில் திருடன் நுழைந்தால் ஓர் ஆண் திருட்டை நினைக்கலாம். ஒரு பெண் அதோடு சேர்த்துப் பாலியல் வன்முறையையும் நினைக்கிறார். கென்னத் ஃபெராரோ 1990களில் இதை 'பாலியல் தாக்குதலின் நிழல்' என்று பெயரிட்டு விரித்தார். அந்த ஒரு குற்றத்தின் நிழல் மற்ற எல்லாக் குற்றங்களின் மேலும் விழுகிறது. அப்படியானால் பயத்தில் வாய்ப்பு மட்டும் இல்லை, விளைவும் சேர்ந்திருக்கிறது. நூற்றில் ஒரு வாய்ப்பு என்பது பர்ஸ் போவதற்கும் வாழ்க்கை கலைவதற்கும் ஒன்றாக இருக்காது. முதியவர்களின் பயமும் இதே சூத்திரம்தான். தள்ளிவிட்டால் இருபது வயதுக்காரர் எழுந்து தூசி தட்டிக்கொள்வார், எழுபது வயதுக்காரருக்கு இடுப்பெலும்பு முறியும், பிறகு நடமாட்டமே போகலாம்.

இங்கே இன்னொரு உண்மையையும் மறைக்கக் கூடாது. 2023இல் உலகம் முழுக்க வேண்டுமென்றே கொல்லப்பட்ட பெண்களும் சிறுமிகளும் ஏறத்தாழ 85,000 பேர். அவர்களில் சுமார் 51,100 பேரை, அதாவது 60 சதவீதத்தினரை, கொன்றது கணவனோ காதலனோ குடும்பத்தாரோதான் என்று ஐநா கணக்கிட்டது. ஆபத்து அதிகம் வீட்டுக்குள், பயம் அதிகம் தெருவில். 1989இல் ஜில் வாலன்டைன் என்ற புவியியலாளர், பெண்களின் பயம் தெரியாத ஆண்கள் மேலும் பொது இடங்கள் மேலும் குவிவதையும், அதன் விளைவாக அவர்கள் வெளியைப் பயன்படுத்துவது சுருங்குவதையும் விளக்கினார். சிறு வயதிலிருந்து 'அந்தப் பக்கம் போகாதே' என்று சொல்லி வளர்க்கிறோம். வீட்டைப் பற்றி அப்படி யாரும் எச்சரிப்பதில்லை. ஆக, பயம் வெறும் மாயை கிடையாது, துல்லியமான வழிகாட்டியும் கிடையாது. இரண்டையும் ஒரே நேரத்தில் மனதில் வைத்துக்கொள்ளக் கொஞ்சம் சிரமமாகத்தான் இருக்கும்.

## இடத்தை உடம்பு எப்படிப் படிக்கிறது

1992இல் போனி ஃபிஷரும் ஜாக் நாசரும் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழக வளாகத்தில் ஓர் ஆய்வு செய்தார்கள். வளைவும் மறைவுமாகக் கட்டப்பட்ட ஒரு கலை மையத்தைச் சுற்றி நடப்பவர்களுக்கு எந்தெந்த இடத்தில் பயம் வருகிறது என்பதுதான் கேள்வி. பதில் மூன்று அம்சங்களில் அடங்கியது. எதிரே எவ்வளவு தூரம் தெரிகிறது, தாக்க வருபவர் ஒளிந்துகொள்ள மறைவிடம் இருக்கிறதா, ஓடித் தப்ப வழி இருக்கிறதா. பார்வை அடைபட்டு, மறைவிடம் மிகுந்து, வெளியேறும் வழி இல்லாத இடம்தான் எல்லாவற்றையும்விட மோசமாக உணரப்பட்டது.

இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு எந்த நகரத்திலும் நடந்து பார்க்கலாம். சுரங்கப்பாதை ஏன் பிடிப்பதில்லை? உள்ளே இறங்கிவிட்டால் பக்கவாட்டில் வழியே கிடையாது, வளைவு இருந்தால் அந்தப் பக்கம் யார் நிற்கிறார் என்றும் தெரியாது. உயரமான மதில் இரண்டு பக்கமும் ஓடும் நீண்ட நடைபாதையும் அப்படித்தான். ஆளுயரப் புதர் பகலில் அழகு, இரவில் மறைவிடம். அதே புதரை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டால் அது வெறும் செடி. விளக்கு விஷயமும் பலர் நினைப்பதுபோல 'பிரகாசம் கூடினால் நல்லது' என்ற கதை இல்லை. ஒரு கம்பத்தில் கண் கூசும் விளக்கும் அடுத்த கம்பத்தில் ஒன்றும் இல்லாமலும் இருந்தால், வெளிச்சத்தில் நிற்பவருக்கு இருட்டுப் பகுதி இன்னும் இருட்டாகத் தெரியும். தன்னை எல்லோரும் பார்க்கலாம், தனக்கு எதுவும் தெரியாது என்ற நிலை வந்துவிடும். சீராகப் பரவிய மிதமான வெளிச்சம், எதிரே வருபவரின் முகம் தெரியும் அளவுக்கு, அதுதான் வேலை செய்யும்.

நான்காவது கேள்வி ஒன்று மிச்சம் இருக்கிறது: யாராவது வருவார்களா? நகர வாழ்க்கையைப் பற்றி எழுதிய ஜேன் ஜேக்கப்ஸ் 1961இல் 'தெருவின் மேல் கண்கள்' என்று சொன்னது இதைத்தான். கடைக்காரரும் ஜன்னலில் நிற்பவரும் போய்வருபவர்களும், யாரும் சம்பளம் கொடுக்காமலே, தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தரைத்தளம் முழுக்க மதிலும் வாகன நிறுத்தமுமாக இருக்கும் கட்டடங்களுக்கு எதிரே நடக்கும்போது ஒரு மாதிரி இருப்பதற்கு இதுதான் காரணம், அங்கே கண்களே இல்லை. ஆனால் 'ஆள் இருந்தால் போதும்' என்பதும் முழு உண்மையாகாது. வெறிச்சோடிய தெருவில் வழிப்பறிப் பயம். நெரிசலான பேருந்தில் பிக்பாக்கெட்டும் உரசலும். எந்தக் குற்றத்தை நினைத்துப் பயப்படுகிறோம் என்பதைப் பொறுத்து, அதே கூட்டம் துணையாகவும் இருக்கும், தொல்லையாகவும் இருக்கும்.

'யாரும் வர மாட்டார்கள்' என்ற நம்பிக்கைக்குப் பெரிய கதை ஒன்றே உண்டு. 1964இல் நியூயார்க்கில் கிட்டி ஜெனோவீஸ் என்ற இளம்பெண் கொல்லப்பட்டதை 38 பேர் பார்த்தும் சும்மா இருந்தார்கள் என்ற செய்தி உலகம் சுற்றியது, பாடப்புத்தகங்களுக்குள்ளும் போனது. அதில் பெரும் மிகை இருந்தது என்பது பின்னால் தெரியவந்தது, செய்தி வெளியிட்ட நாளிதழே 2016இல் அதை ஒப்புக்கொண்டது. 2019இல் வெளியான ஓர் ஆய்வில் ஆம்ஸ்டர்டாம், லங்காஸ்டர், கேப் டவுன் நகரங்களின் கேமராக்களில் பதிவான 219 தெருச் சண்டைகளைப் பார்த்தார்கள். அவற்றில் 91 சதவீதத்தில் குறைந்தது ஒருவராவது குறுக்கே வந்து ஏதோ செய்திருக்கிறார். இந்தக் கேள்விக்கு மட்டும் நம் மனம் தரும் பதில் தேவைக்கு மேல் கசப்பாக இருக்கிறது போலும்.

சுருக்கமாக: மனம் ஓர் இடத்தில் பார்வை, மறைவிடம், தப்பும் வழி, துணை என்று நான்கைப் பார்க்கிறது. அதோடு, நடந்தால் தனக்கு என்ன ஆகும் என்பதையும் சேர்த்துக்கொள்கிறது. குற்ற எண்ணிக்கை பெரும்பாலும் அதன் கண்ணில் படுவதே இல்லை.

## உடைந்த ஜன்னலும் பார்க்கும் கண்ணும்

1982 மார்ச்சில் ஜேம்ஸ் வில்சனும் ஜார்ஜ் கெல்லிங்கும் எழுதிய ஒரு கட்டுரை 'உடைந்த ஜன்னல்' கருத்தைப் பரப்பியது. உடைந்த ஜன்னலைச் சரிசெய்யாமல் விட்டால், இங்கே யாரும் கவனிப்பதில்லை என்ற சேதி போய், பெரிய குற்றங்கள் வந்து சேரும் என்பது வாதம். குப்பை, கிறுக்கல், பாழடைந்த வீடு, பொது இடத்தில் குடி ஆகியவற்றைச் 'சீர்கேட்டு அறிகுறிகள்' என்கிறார்கள். அவை பயத்தைக் கூட்டுகின்றன என்பதில் பெரிய சண்டை இல்லை. குற்றத்தையும் அவையே கொண்டுவருகின்றனவா என்பதில்தான் சண்டை. ராபர்ட் சாம்ப்சனும் ஸ்டீபன் ராடன்புஷும் சிகாகோவில் 23,000க்கும் மேற்பட்ட தெருத்துண்டுகளைக் காரில் மெதுவாகப் போய் வீடியோ எடுத்து, சீர்கேட்டை எண்ணிப் பார்த்தார்கள். 1999இல் வெளியான முடிவில், வறுமையையும் அக்கம்பக்கத்தாரின் பரஸ்பர நம்பிக்கையையும் கணக்கில் எடுத்த பிறகு சீர்கேட்டுக்கும் பெரும்பாலான குற்றங்களுக்கும் இருந்த தொடர்பு மிகவும் பலவீனமாகிப்போனது.

அதே வீடியோக்களை வைத்து 2004இல் அவர்கள் சொன்னது இன்னும் சங்கடமானது. எவ்வளவு சீர்கேடு இருக்கிறது என்று மக்கள் சொன்னது, கேமராவில் பதிவான குப்பையையும் கிறுக்கலையும்விட, அங்கே வாழ்பவர்கள் யார் என்பதோடு அதிகம் ஒட்டிப்போனது. கறுப்பினத்தவரும் ஏழைகளும் அதிகம் இருந்த பகுதியில், பதிவான சீர்கேடு அதே அளவு இருந்தாலும், கூடுதலாகத் தெரிந்தது. வெள்ளையருக்கு மட்டும் அல்ல, கறுப்பினத்தவருக்கும் அப்படித்தான் தெரிந்தது.

பயத்தை மதிக்க வேண்டும் என்று இவ்வளவு நேரம் சொல்லிவந்த எனக்கே இங்கே ஒரு பிரேக் போட வேண்டியிருக்கிறது. இருட்டைப் பார்த்துப் பயப்படுவதும் ஒரு குறிப்பிட்ட உடை, நிறம், வர்க்கத்தைப் பார்த்துப் பயப்படுவதும் உள்ளே ஒரே மாதிரி படபடக்கும். முதலாவதற்கு விளக்குப் போடலாம். இரண்டாவதற்கு 'தீர்வு' என்று கேட்டால் சிலரை அந்த இடத்திலிருந்து துரத்துவதில் போய் முடியும், பொது இடம் என்ற பேருக்கே அர்த்தம் இல்லாமல் போகும்.

'ஏரியா' என்ற சொல்லும் இப்படிச் சிலரைத் தண்டிக்கிறது. 1989இல் வெளியான ஓர் ஆய்வுக்காக, அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் காவல்துறைக்கு வந்த அழைப்புகளை லாரன்ஸ் ஷெர்மனும் சகாக்களும் முகவரி முகவரியாகப் பிரித்தபோது, பாதி அழைப்புகள் வெறும் 3 சதவீத முகவரிகளிலிருந்து வந்திருந்தன. குற்றம் சில மூலைகளில் குவிகிறது. கெட்ட பெயரோ அந்தப் பகுதி முழுக்கப் பரவுகிறது.

## விளக்கு, கேமரா, நடந்து வரும் காவலர்

பயம் வேறு, குற்றம் வேறு என்றால், ஒன்றைக் குறைக்கும் நடவடிக்கை இன்னொன்றைத் தொடாமலே போகலாம் அல்லவா? அப்படி நடந்திருக்கிறது.

அமெரிக்காவின் நியூவர்க் நகரில் 1978–79இல் சில பகுதிகளில் காவலர்களை வண்டியிலிருந்து இறக்கி நடந்தே ரோந்து போகச் சொல்லி, மற்ற பகுதிகளோடு ஒப்பிட்டார்கள். குற்றம் குறையவில்லை. ஆனால் மக்கள் குற்றம் குறைந்துவிட்டதாக நம்பினார்கள், பாதுகாப்பாக உணர்ந்தார்கள், காவல்துறையைப் பற்றிய அபிப்பிராயமும் உயர்ந்தது. சிலர் இதை மோசடி என்பார்கள், எண் மாறாமல் உணர்வு மட்டும் மாறுவது ஏமாற்று வேலை என்று. எனக்கு அப்படித் தோன்றவில்லை. 'கூப்பிட்டால் யாராவது வருவார்களா' என்ற கேள்விக்கு அங்கே உண்மையிலேயே பதில் மாறியிருந்தது. பேர் தெரிந்த ஒருவர் தினமும் நடந்து வருகிறார். புழுக்கம் குறைந்தது, வெப்பநிலை அப்படியே இருந்தது.

கேமரா கிட்டத்தட்ட எதிர்ப்பக்கம். கண்காணிப்புக் கேமராக்கள் சில இடங்களில், முக்கியமாக வாகன நிறுத்தங்களில், குற்றத்தைக் குறைத்திருக்கின்றன. ஆனால் பிரிட்டன் உள்துறை அமைச்சகம் 2005இல் வெளியிட்ட மதிப்பீட்டில், கேமரா இருப்பது தெரிந்தவர்கள் தெரியாதவர்களைவிடக் குறைவாகப் பயப்பட்டதாகத் தெரியவில்லை. யோசித்துப் பார்த்தால் ஆச்சரியம் இல்லை. கேமரா பதிவு செய்யும், ஓடி வராது. அதற்கு மேல், 'இங்கே கேமரா வைக்க வேண்டிய நிலைமை' என்பதே ஒரு தகவல்.

விளக்கு இரண்டுக்கும் நடுவில். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் நடந்த 13 ஆய்வுகளைத் தொகுத்து வெல்ஷும் ஃபாரிங்டனும் 2008இல், தெருவிளக்கை மேம்படுத்திய இடங்களில் குற்றம் சராசரியாக 21 சதவீதம் குறைந்ததாகக் கணக்கிட்டார்கள். சுவையான விஷயம், பகல் குற்றமும் குறைந்திருந்தது. பகலில் விளக்கு என்ன செய்யும்? இந்த இடத்தை யாரோ கவனிக்கிறார்கள் என்ற எண்ணம் வந்ததும், மக்கள் வெளியே வந்து புழங்கத் தொடங்கியதும் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். நியூயார்க்கில் 2016இல் பொதுக் குடியிருப்புகளைக் குலுக்கல் முறையில் பிரித்துச் சிலவற்றில் மட்டும் பெரிய விளக்குகள் வைத்தபோது, இரவில் வெளியே நடக்கும் கடுமையான குற்றங்கள் 36 சதவீதம் குறைந்தன. அதே சமயம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 62 உள்ளாட்சிப் பகுதிகளில் இரவில் விளக்கை அணைத்ததோ மங்கவைத்ததோ குற்றத்தைக் கூட்டியதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்றது 2015 ஆய்வு. ஆக 'விளக்கு போட்டால் குற்றம் போகும்' என்று ஒரே வரியில் முடிக்க முடியாது. எந்த இடம், எத்தனை மணி, அங்கே ஆள் நடமாட்டம் உண்டா என்றெல்லாம் கேட்க வேண்டும்.

## பயத்துக்கும் ஒரு விலை

'வெறும் உணர்வுதானே' என்று விட முடியாததற்குக் காரணம், அது கொண்டுவரும் சேதம் உணர்வோடு நிற்பதில்லை. லண்டன் அரசு ஊழியர்களைப் பல வருடங்கள் பின்தொடர்ந்த ஆய்விலிருந்து 2007இல் வந்த முடிவு, குற்ற அச்சம் அதிகம் உள்ளவர்களிடம் மனச்சோர்வு ஏறத்தாழ இரண்டு மடங்கு காணப்பட்டது என்கிறது. அவர்கள் உடற்பயிற்சியும் நண்பர்களைப் பார்ப்பதும் குறைவு. எது காரணம், எது விளைவு என்று இத்தகைய ஆய்வால் முழுதாகப் பிரித்துச் சொல்ல முடியாதுதான், ஆனால் வெளியே போகாதவர் நடக்க மாட்டார், நாலு பேரைப் பார்க்க மாட்டார் என்பதைப் புரிந்துகொள்ள அதிகம் யோசிக்கத் தேவையில்லை. தெருவுக்கும் நஷ்டம். பயந்து பத்துப் பேர் வராமல் போனால் பதினோராவது ஆளுக்குத் துணை குறைகிறது, அவரும் நின்றுவிடுவார்.

எல்லாப் பயமும் நோய் இல்லை. ஜோனதன் ஜாக்சனும் எமிலி கிரேயும், கவலைப்படுவதாகச் சொன்னவர்களை விசாரித்தபோது, அவர்களில் ஒரு பகுதியினர் முன்னெச்சரிக்கை எடுத்துக்கொண்டு நிம்மதியாகவே இருந்தார்கள். பூட்டைச் சரிபார்க்க வைத்தால் அந்தக் கவலை பயனுள்ளது. வாழ்க்கையைக் குறுக்கினால்தான் பிரச்சினை.

## சரி, எங்கிருந்து தொடங்குவது

பயத்தைக் குறைக்க நினைக்கிறவர் முதலில் செய்ய வேண்டியது, பயப்படுகிறவர்களோடு சேர்ந்து, அவர்கள் பயப்படும் நேரத்தில், அந்த இடத்தில் நடப்பது. 1989இல் டொரண்டோவில் மெட்ராக் என்ற அமைப்பு இதை ஒரு முறையாகவே ஆக்கியது. அதற்குப் பாதுகாப்புத் தணிக்கை என்று பெயர். அங்கே புழங்கும் பெண்கள் கையில் ஒரு பட்டியலோடு நடந்து, எந்த விளக்கு எரியவில்லை, எந்த மூலை தெரியவில்லை, எங்கே கத்தினால் கேட்காது, எங்கே பாதை முட்டிக்கொள்கிறது என்று குறித்துக்கொள்வார்கள். 'உங்களுக்குப் பயமா' என்று பொதுவாகக் கேட்டால் கிடைக்காத பதில்கள் இதில் கிடைக்கும், அதுவும் சரிசெய்யக்கூடிய பதில்களாக: இந்தக் கம்பம், அந்தப் புதர், அந்த மூடிய கதவு.

அதே நகரின் போக்குவரத்துக் கழகம் 1991இல் ஓர் ஏற்பாடு செய்தது. இரவு ஒன்பது மணிக்கு மேல் தனியாகப் பயணம் செய்யும் பெண்கள், இரண்டு நிறுத்தங்களுக்கு நடுவே தங்களுக்கு வசதியான இடத்தில் பேருந்தை நிறுத்தச் சொல்லி இறங்கிக்கொள்ளலாம். முன்கதவு மட்டும் திறக்கும், பின்கதவு மூடியே இருக்கும். அதனால் இருட்டில் நடக்கும் தூரம் குறைகிறது, பின்னாலேயே யாரும் இறங்கவில்லை என்பது இறங்குபவரின் கண்ணுக்கே தெரிகிறது. பிறகு இந்த வசதி தனியாகப் பயணிக்கும் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது.